தேவராஜ் ஊற்றினால் மட்டும் நீலம்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டவர், போனிலேயே ஒரு விண்ணப்பம் வைத்தார். "சார், பாய்லர் வெடிக்க இருந்ததைக் கடைசி நிமிஷத்துல நீங்க காப்பாத்தின கதை ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்." அவரை ஏமாற்றுவதில் எனக்கு வருத்தம்தான். என் காலத்தில் எங்கள் பாய்லர் ஒருமுறைகூட வெடிக்கப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சும்மா இருந்த பாய்லரைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவது? நீங்களோ கேண்டீனில் முழுச் சாப்பாடு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையை நானும் அறிவேன். அதனால் ஒரு மீன் தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். வேலையில் நான் படாத பாடு பட்டது அதனிடம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு இரும்புப் பாகங்கள் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் வாட்டர் கெமிஸ்ட். எங்கள் முதலாளி சிங்கப்பூர் போய்வந்தார். போய்வருகிறவர்கள் டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில் என்று கொண்டுவருவார்கள். இவர் ஓர் ஆசையைக் கொண்டுவந்தார். அங்கே ஏதோ ஹோட்டலில் பவளப்பாறையும் கடல் மீனுமாக ஒரு பெரிய தொட்டி பார்த்தாராம். அதே மாதிரி நம் ரிசப்ஷனிலும் வேண்டும். வந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கமிருந்து உயிருள்ள பவளம், கோவளத்திலிருந்து வேனில் கடல் தண்ணீர், பூப்போல விரிந்து சதா ஆடிக்கொண்டிருக்கும் கடல் சாமந்தி என்ற ஓர் உயிர், அதற்குள் புகுந்து புறப்படும் இரண்டு கோமாளி மீன்கள். மெட்ராஸிலேயே இருந்தும் கடற்கரைக்குப் போய் வருஷக்கணக்கான நாங்கள், வரிசையில் நின்று அம்பத்தூருக்கு வந்த கடலைப் பார்த்தோம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "தண்ணி பார்க்கிறவர் நீங்கதானே? இதுவும் தண்ணிதான். பார்த்துக்குங்க." அந்தக் கணக்கில் கேண்டீன் ரசத்தையும் என் தலையில் கட்டியிருக்கலாம். கட்டவில்லையே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

தொட்டியை அன்றாடம் கவனிக்க ஓர் ஆளைப் போட்டார்கள். தேவராஜ் என்று பெயர். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் நல்ல வேலைக்காரர். அவருடைய வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிரஸ் வாங்கிக்கொண்டுவிட்டது. அதன் பிறகு அவரை எங்கே வைப்பது என்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. ஸ்டோரில் வைத்தார்கள், தோட்டத்தில் வைத்தார்கள், கேட்டில் நிற்க வைத்தார்கள். எங்கள் ஒர்க்ஸ் மேனேஜருக்கு, ஆளுக்கு ஏற்ற மாதிரி வேலையைக் கண்டுபிடிப்பது என்பதே பிடிக்காது. கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மீன் தொட்டி வந்தது. தேவராஜ் அதில் ஒட்டிக்கொண்டார். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவார். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். "சார், இந்தத் தொட்டி கீறவரிக்கும்தான் நானும் இங்க கீறேன்" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். வருத்தமாகச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

மீன்களோடு அவருக்கு நல்ல பேச்சுவார்த்தை இருந்தது. காலையில் விளக்கைப் போட்டதும், "இன்னா நைனா, ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்பார். ரிசப்ஷனில் காத்திருக்கும் விற்பனைப் பிரதிநிதிகள் தங்களைத்தான் கேட்கிறாரோ என்று எழுந்து நிற்பார்கள்.

நான்கைந்து மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. பிறகு பாசி வந்தது.

குளத்துப் பாசியை நினைக்காதீர்கள். இது மயிர் மயிராக வளரும் பச்சைப் பாசி. முதலில் கண்ணாடி ஓரத்தில் மீசை முளைத்த மாதிரி இருந்தது. அப்புறம் பாறை, குழாய், பவளம் என்று எல்லா இடத்திலும் தாடி. தேவராஜ் பழைய பிளேடும் கையுமாக தினம் வழித்துப் போட்டார். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே தாடி. "சார், தொட்டி பாத்துக்கச் சொன்னாங்கன்னு பாத்தா, சலூன் வச்சிக் குட்த்த மாதிரி ஆயிப்போச்சு" என்றார். பவளத்தின் மேல் பாசி மூடினால் பவளம் சாகும். கடல் சாமந்தியும் சுருங்க ஆரம்பித்திருந்தது.

இந்தச் சமயம் பார்த்து, வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய பார்ட்டி நம் ஃபேக்டரியைப் பார்க்க வருகிறது என்று தகவல். ஒர்க்ஸ் மேனேஜர் என்னையும் தேவராஜையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"திங்கக்கிழமை பார்ட்டி வருது. அதுக்குள்ள இது பளிச்சுன்னு இருக்கணும். இல்லேன்னா தொட்டியைத் தூக்கிட்டு, அந்த இடத்துல நம்ம பிரேக் டிரம்மை பாலிஷ் போட்டு கண்ணாடிப் பெட்டியில வச்சிடலாம்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு தேவராஜைப் பார்த்தார். மீதியைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்து அவரே மருந்தும் எழுதிக்கொடுத்தார். "ஏன் சார், கூலிங் டவர்ல பாசி வந்தா என்ன பண்றீங்க? மயில்துத்தம் போடுறீங்கல்ல? இதுலயும் ரெண்டு ஸ்பூன் போட்டா முடிஞ்சுது."

"பாசி செத்துடும் சார். பவளமும் கூடவே செத்துடும். மயில்துத்தம்னா தாமிரம்தான், அது துளி பட்டாலும் பவளத்துக்கு ஆகாது."

"பவளம் செத்தா யாருக்குத் தெரியும்? அது இப்பவே கல்லு மாதிரிதான இருக்கு?"

 உங்கள் வேலையிலும் இப்படி ஒரு ஸ்பூன் உங்களைத் தேடி வரும். திங்கட்கிழமை வரைக்கும் பளிச்சென்று இருக்கும், செவ்வாய்க்கிழமை நாற்றம் அடிக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர் உங்களைவிடப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவினேன். முடியாது என்று சொல்வதைவிட டைம் கேட்பது சுலபம். மேனேஜர்களுக்கும் டைம் கொடுப்பது பிடிக்கும், ஏதோ தங்கள் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

பாசிக்கு வெளிச்சம் வேண்டும், சாப்பாடு வேண்டும். சாப்பாடு என்றால் முக்கியமாக பாஸ்பேட், நைட்ரேட். பாஸ்பேட் எனக்குப் பழைய சிநேகிதன். பாய்லர் உள்ளே சுண்ணாம்பு படியாமல் இருக்க நாமே அதை அளந்து ஊற்றுகிறோம், தினம் சோதித்தும் பார்க்கிறோம். மருந்துத் துளிகளை விட்டால், பாஸ்பேட் இருக்கிற தண்ணீர் நீலமாகும், அவ்வளவுதான் சோதனை. மீன் தொட்டிக்கென்று தனி சோதனைப் பெட்டி எல்லாம் அப்போது யார் கண்டது? பாய்லருக்கு வைத்திருந்த மருந்தையே தொட்டித் தண்ணீரில் விட்டேன். நல்ல நீலம் வந்தது. கடலிலிருந்து வந்த புதுத் தண்ணீரில் விட்டேன். ஒரு நிறமும் வரவில்லை. ஆக, நடுவில் யாரோ பாசிக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாசியோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, சோறு போடுகிறவரைப் பிடிக்க வேண்டும் என்று புரிந்தது.

முதல் சந்தேகம் மீன் தீனி மேல். தீனியைப் பாதியாகக் குறைத்தோம். மீன்கள் தேவராஜைப் பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. பாசி அசையவில்லை.

இரண்டாவது சந்தேகம் கொஞ்சம் ஆபத்தான இடத்தில் போய் நின்றது. எங்கள் மெயின்டனன்ஸ் ஆட்களைப் பொறுத்தவரை மோட்டார் ஓடினால் அது மெஷின். மெஷின் என்றால் வெள்ளிக்கிழமை பூஜை உண்டு. மீன் தொட்டிக்கும் மோட்டார் இருந்ததால், லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரெசர் ஆகியவற்றோடு சேர்த்து அதற்கும் வாராவாரம் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். மூடி திறந்திருந்தால் தீர்த்தமும் தெளிப்பார்கள். கோமாளி மீன்களுக்கு நாலு பொரி. நான் விபூதியைக் கொண்டுபோய்ச் சோதித்தேன். நீலம்! நான் துள்ளிக் குதிக்காத குறை. ஃபோர்மேனிடம் போய் மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மோட்டார் ஓடுதா இல்லியா?"

"ஓடுது."

"நின்னு போச்சுன்னா நீ வந்து ஓட்டுவியா?"

கடைசியில் பட்டையைக் கண்ணாடியில் போடாமல் கீழே இரும்பு ஸ்டாண்டில் போடுவது, பொரியை தேவராஜுக்குக் கொடுத்துவிடுவது என்று சமாதானம் ஆயிற்று. பாசிக்கு இதில் ஒரு நஷ்டமும் ஏற்படவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது.

மூன்றாவது, தினம் ஊற்றும் தண்ணீர். தொட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்களிடம் பாய்லருக்காக உப்பை முழுக்க நீக்கிய தண்ணீர் இருந்தது. தேவராஜ் அதை ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனில் பிடித்து வந்து ஊற்றுவார். குழாயில் பிடித்துச் சோதித்தேன், நிறம் இல்லை. சந்தேகத்துக்கு, கேனைச் சாய்த்து அதிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சோதித்தேன். அதிலும் நிறம் இல்லை. தண்ணீர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சனிக்கிழமை வந்துவிட்டது. மேனேஜர் மயில்துத்தப் பொட்டலத்தை ஸ்டோரிலிருந்து வாங்கி ரிசப்ஷன் மேஜைமேல் வைத்துவிட்டே போயிருந்தார். தேவராஜ் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீரை இன்னொரு தடவை சோதிக்க, எனக்குக் கண்ணாடிக் குவளையைக் கழுவ வேண்டியிருந்தது. லேபுக்கு நடக்கச் சோம்பேறித்தனம். அவர் ஊற்றும் தண்ணீரிலேயே குவளையை நீட்டி அலசிவிட்டு, இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். சுத்தத் தண்ணீர்தானே, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும் என்று மருந்தை விட்டேன்.

மசி கொட்டிய மாதிரி நீலம்.

குவளைதான் அழுக்கு என்று நினைத்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். காலியான அதே கேனைக் குழாயில் மறுபடி நிரப்பி வரச் சொல்லி, நான் சாய்த்துத் தண்ணீர் எடுத்தேன். நிறம் இல்லை. "தேவராஜ், நீங்க ஒரு தடவை ஊத்துங்க." அவர் ஊற்றினார். நீலம். மறுபடி நிரப்பி நான். ஒன்றுமில்லை. மறுபடி அவர். நீலம். ரிசப்ஷனிஸ்ட் போனை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்க்க ஆரம்பித்தார்.

தேவராஜுக்கு முகம் வெளிறிவிட்டது. "இன்னா சார் இது, என் கை ராசியா?" என்று மீதி மூன்று விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கெமிஸ்ட்ரி படித்த நானே அந்த நிமிஷம் கைராசியை நம்பத் தயாராகிவிட்டேன். பிறகு, "இன்னொரு வாட்டி ஊத்துங்க, நான் தள்ளி நின்னு பாக்கறேன்" என்றேன்.

கேனின் கைப்பிடியைப் பிடித்துச் சாய்த்துத்தான் நான் ஊற்றினேன். நீங்களும் அப்படித்தான் ஊற்றுவீர்கள். தேவராஜால் கைப்பிடியைப் பிடிக்க முடியாது, பிடிக்க வலது கையில் கட்டைவிரல் இல்லை, அந்தக் கனத்தை இடது கையால் மட்டும் தூக்கவும் முடியாது. அவர் கேனைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துத் தூக்கி, தொட்டி விளிம்பில் சாய்த்து, ஒரேயடியாகத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

அந்தக் கேன்களில் கைப்பிடி உள்ளே காலியாக இருக்கும், குழாய் மாதிரி. ஒரு பக்கம் அடைத்திருக்கும், மறுபக்கம் கேனுக்குள் திறந்திருக்கும். நேராக நிற்கும்போதும் லேசாகச் சாய்க்கும்போதும் அதற்குள் காற்றுதான் இருக்கும், தண்ணீர் ஏறாது. தலைகீழாகக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே பாய்ந்து அலசிக்கொண்டு வெளியே வரும். ரம்பம் வரவழைத்து, கைப்பிடியை அறுத்துப் பார்த்தோம். உள்ளே சுவரெல்லாம் வெள்ளையாக, கல் மாதிரி உறைந்திருந்தது.

அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இரும்புப் பாகங்களை முக்கி எடுக்க ஒரு மருந்துத் தொட்டி வைத்திருந்தோம். அந்த மருந்து பாஸ்பேட். அது வரும் கேன்தான் இது, லாரியில் குலுங்கி வரும்போது மருந்து கைப்பிடிக்குள் ஏறி உறைந்திருக்கிறது. காலியானதும் கழுவி, பலவிதமாகப் பயன்படுத்துவோம். எத்தனை முறை கழுவினாலும் நிற்க வைத்துக் குலுக்கித்தான் கழுவுவார்கள், கைப்பிடிக்குள் தண்ணீரே போயிருக்காது.

நான் ஜெயித்த குஷியில் இருந்தேன். "பிடிச்சாச்சு தேவராஜ்! இனிமே வேற கேன். பாசிக்குச் சோறு கட். தொட்டியும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க!" என்று அவர் தோளில் தட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. அறுத்துப்போட்ட கைப்பிடியைக் கையில் எடுத்து, நகத்தால் அந்த வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தார்.

"சார், ஊட்லயும் இதே கேனுதான் சார் கீது."

உங்களுக்கு எங்கள் கம்பெனியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மற்ற கம்பெனிகளில் ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார்கள், எவர்சில்வர் டப்பா கொடுப்பார்கள். எங்கள் கம்பெனியில் பொரிப் பொட்டலத்தோடு ஆளுக்கு ஒரு காலி கேன் கொடுப்பார்கள். கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒர்க்ஸ் மேனேஜர் கண்டுபிடித்த யோசனை. சிரிக்காதீர்கள், தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்த மெட்ராஸில் அது தங்கக் கட்டிக்குச் சமம். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. என் மனைவி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்து, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொண்டாள். தெருவிலேயே எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மட்டும் ஏன் அப்படித் தழைக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற வீடுகளில் அதில் குடிக்கத்தான் தண்ணீர் பிடித்தார்கள். சைக்கிள் கேரியரில் படுக்கவைத்துக் கட்டி, குலுங்கக் குலுங்கக் கொண்டுபோவார்கள், கைப்பிடிக்குள் தண்ணீர் தாராளமாகப் புகுந்து வரும்.

"மீனுக்கே ஆவாதுன்னு இம்மாந்தூரம் தேடினீங்களே சார்" என்றார் தேவராஜ். "நாங்க அத்தத்தான குடிச்சிகினு கீறோம்."

அவர் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் குஷி எல்லாம் இறங்கிவிட்டது. 

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் முதல் பாதியைச் சந்தோஷமாகக் கேட்டார். "வெரி குட். வேற கேன் குடுங்க. மேட்டர் முடிஞ்சுது." இரண்டாம் பாதியைச் சொன்னதும் எழுந்து கதவைச் சாத்தினார். "பார்ட்டி வந்துட்டுப் போகட்டும். அப்புறமா நிதானமா பாக்கலாம். இத்தனை வருஷமா குடிச்சவங்க ரெண்டு நாள் குடிச்சா என்ன ஆயிடும்? இப்ப இதைச் சொன்னா கேட்ல கூட்டம் கூடும், கொடி பிடிப்பாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாருங்க. தப்பான கேன்ல தண்ணி கொண்டுவந்தது தேவராஜ்தானே? விஷயம் வெளிய போனா, முதல்ல அவனைத்தான் கேட்க வேண்டி வரும்."

வெளியே தேவராஜ் காத்திருந்தார். என்னைப் போன்றவர்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் ஒரு நல்ல குணம் வந்து தொலைக்கும். அவருடைய நன்மைக்காகவே அவரிடம் எதையும் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று தோன்றும். நல்ல வேளை, சொல்லிவிட்டேன். மேனேஜர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "உங்க வேலை போனாலும் போகலாம் தேவராஜ். நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் தொட்டியைப் பார்த்தார். கோமாளி மீன்கள் வழக்கம்போல அவரைப் பார்த்து மேலே வந்தன.

"நான் இங்க கீறனா இல்லியாங்கறது அப்பால சார். இப்ப ஷிஃப்ட் உட்டாங்கன்னா, அல்லாரும் ஊட்டுக்குப் போயி தண்ணி புடிப்பாங்க." தொட்டி மூடியை இழுத்து மூடினார். "நீங்க மருந்த எடுத்துகினு வாங்க. கேனை நான் கவுக்கறேன்."

சைக்கிள் ஸ்டாண்டுக்கு முன்னால், டைம் ஆபீஸ் மேஜையை இழுத்துப் போட்டோம். ஷிஃப்ட் விட்டது. கூட்டம் கூடியது. "இன்னா மாமே, பூஜைல குட்த்தத புடுங்கப் பாக்கறாங்களா?" என்று ஒரு குரல். "கேனு வோணும்னா சொல்லு, ஊட்டாண்ட வந்து எடுத்துக்க" என்று இன்னொரு குரல், சிரிப்பு. ஃபேக்டரித் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோக ஒருவர் சைக்கிளில் கேன் கட்டி வைத்திருந்தார். அதையே வாங்கினோம். நான் சாய்த்து ஊற்றினேன், மருந்து விட்டேன். நிறம் இல்லை. கூட்டம் ஓவென்று கத்தியது. வாத்தியாருக்கு மேஜிக் வரவில்லை என்றார்கள்.

தேவராஜ் அந்தக் கேனை மார்போடு அணைத்துத் தூக்கி, கவிழ்த்தார். குவளை நிறைந்தது. மருந்து விட்டேன். நீலம் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கேனுக்குச் சொந்தக்காரர், "என் பொண்ணு இதுலதான் சார் இஸ்கூலுக்கு பாட்டில் ரொப்பிகினு போவுது" என்றார். 

அந்த நேரம் முதலாளியின் கார் கேட்டுக்கு வந்தது. கூட்டத்தைப் பார்த்து இறங்கி வந்தார். பின்னாலேயே மேனேஜர் ஓடிவந்து, "ஒண்ணுமில்லை சார், மீன் தொட்டி சம்பந்தமா ஒரு சின்ன டெமோ" என்றார். முதலாளி குவளையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இதைக் குடிச்சா என்ன ஆகும்?"

பெரிசாக்கிச் சொன்னால் கூட்டம் கொந்தளிக்கும். சிறிசாக்கிச் சொன்னால் கேன்கள் வீடுகளிலேயே இருக்கும். பாய்லர் வெடிக்கவில்லை என்று சொன்னேனே, என் வேலைக் காலத்தில் நான் நிஜமாகவே பயந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

"உடனே ஒண்ணும் ஆகாது சார். நாள்பட்டு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்தக் கேனை நீங்க உங்க வீட்டுல வைக்க மாட்டீங்க."

அவர் குவளையை மேஜைமேல் வைத்தார். தேவராஜைப் பார்த்தார். "இதை முதல்ல கவனிச்சது யாரு?"

"நான் ஊத்துனா மட்டும் நீலமாச்சு சார்" என்றார் தேவராஜ். அதைவிடச் சரியாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் புதுக் கேன் வாங்கச் சொன்னார். அது வரும்வரை குடிதண்ணீருக்கு வீட்டில் குடம், தவலை எதுவானாலும் சரி, பழைய கேனைத் தொடவேண்டாம் என்று அவரே உரக்கச் சொன்னார். பிறகு, "மீன் தொட்டி இருக்கட்டும். இவரும் இருக்கட்டும். இனிமே ஃபேக்டரியில எந்தத் தண்ணி சாம்பிளும் இவர்தான் எடுக்கணும்" என்றார். மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ரிசப்ஷன் மேஜைமேல் இருந்த பொட்டலம் எப்போது ஸ்டோருக்குத் திரும்பிப் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பார்ட்டி வந்தது. பாசி ஒரே நாளில் போகிற ஜாதி இல்லை, தொட்டி பாதிக்கு மேல் பச்சையாகத்தான் இருந்தது. மேனேஜர் அதற்கு முன்னால் இரண்டு பூந்தொட்டிகளை வைத்து மறைத்திருந்தார். வந்தவர்கள் வழியில் பாடி ரோட்டு நெரிசலில் நெடுநேரம் மாட்டிக்கொண்டிருந்திருப்பார்கள் போல. உள்ளே நுழைந்ததும் பாத்ரூம் எங்கே என்று கேட்டு நேராக அங்கே ஓடினார்கள். தொட்டியையும் பார்க்கவில்லை, பூந்தொட்டியையும் பார்க்கவில்லை. அந்தப் பார்வைக்காகத்தான் பவளத்தைக் கொல்லப் பார்த்தோம்.

பழைய கேனைத் திரும்ப வாங்குவது பெரிய வேலையாகிவிட்டது. புதுக் கேனையும் வாங்கிக்கொள்வார்கள், பழையதையும் விடமாட்டார்கள். அரிசி போட்டு வைப்போம் என்றார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவோம் என்றார்கள். தேவராஜ் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பழையதைக் கொடுத்தால்தான் புதுசு என்று சட்டம் போட்டார். கொடுத்ததை அங்கேயே ரம்பத்தால் அறுத்தார். "உன்னியப் பத்தித் தெரியும் மச்சான், கைப்பிடி மட்டும் அறுத்துக் குட்த்தா ஒட்டவச்சிடுவே" என்று இரண்டு துண்டாக்கித்தான் விட்டார். பாசி வாரக்கணக்கில் மெலிந்து மெலிந்து உதிர்ந்தது. கடல் சாமந்தி மறுபடி விரிந்தது. நாங்கள் அதற்கு ஒரு மருந்தும் போடவில்லை.

சாம்பிள் எடுக்கப் போகிற பிள்ளைகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தண்ணீரை தினம் எடுக்கிறவர் எப்படி எடுக்கிறாரோ, நீங்களும் அப்படி எடுங்கள். அவர் தூக்குகிற மாதிரி தூக்குங்கள், அவர் ஊற்றுகிற மாதிரி ஊற்றுங்கள். இல்லையென்றால் உங்கள் கைக்கு வருகிற தண்ணீர் வேறு, அவர் வீட்டுக்குப் போகிற தண்ணீர் வேறாக இருக்கும்.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் என்னை வேப்பம்பட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஸ்டேஷனிலிருந்து நடந்து போனோம். வீட்டு மூலையில் புதுக் கேன், அதன் மேல் தலைகீழாகக் கவிழ்த்த டம்ளர். அவர் மனைவி அஞ்சலை எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, என்னிடம் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லிவிட்டார்.

"கோச்சிக்காதீங்க சார். இந்தக் கேனுல தண்ணிக்கு ருசியே இல்ல. முந்தி அதுல லேசா புளிப்பா, சோடாக் கணக்கா, ஜோரா இருக்கும். சின்னது இப்ப தண்ணியே குடிக்க மாட்டேங்குது சார். பழைய தண்ணிதான் வோணுமின்னு அழுவுது."

தேவராஜ் என்னைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளர் தண்ணீரைக் குடித்தேன். ஒரு ருசியும் இல்லை. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி, வாசலில் நின்றிருந்த அந்தச் சின்னப் பிள்ளை பார்க்கும்படியாக, அதையும் முழுக்கக் குடித்தேன்.